பேடும் சேவலும்: வன்னிப் பெருநிலப்பரப்பிற் கோழிக்குஞ்சை இனங்காணும் அறிவின் வரலாறு

வரலாறு என்பது அரச வமிசங்களினதும் போர்களினதும் வரலாறே என்று கருதும் மரபு நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. வன்னி பற்றிய எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. வன்னிபங்களின் ஆட்சி, 1803 ஆம் ஆண்டில் நிகழ்ந்த பண்டார வன்னியனின் எழுச்சி, குளங்களின் புனரமைப்பு ஆகியன குறித்து எழுதப்பட்ட அளவுக்கு, வீட்டு முற்றத்திலே நடைபெற்ற உற்பத்தி குறித்து எழுதப்படவில்லை. அவ்வுற்பத்தியிலே பெரும்பங்கு பெண்களுடையதாக இருந்தமையும் இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணமாகும்.

கோழி வளர்ப்பு அத்தகைய முற்றத்து உற்பத்திகளுள் ஒன்று. அதற்குள்ளும் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு வினாவை, அதாவது குஞ்சு பேடா சேவலா, அது எவ்வினத்தது என்னும் வினாவை, இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. குஞ்சின் பால் உயிரியல் நிர்ணயித்த ஒன்று. ஆனால் அதனை எப்போது அறியவேண்டும், யார் அறியவேண்டும் என்பவற்றை நிர்ணயித்தது உற்பத்தி முறையேயாகும். சேவலும் பேடும் ஒருங்கே பயன்பட்ட சமூகங்களில் மக்கள் பொறுத்திருந்து அறிந்தனர். ஒருபால் மாத்திரமே இலாபந் தந்த தொழிற்றுறையில், பொரித்த அன்றே அறியும் தேவை எழுந்தது. வன்னியின் கோழி வளர்ப்போர் இவ்விரு முறைகளுக்கும் இடையே நிறுத்தப்பட்டுள்ளனர் என்பதே ஈண்டு நிறுவ முயலப்படும் கருத்தாகும்.

பெயர்களில் உறைந்த அறிவு

ஒரு சமூகம் எதனை வேறுபடுத்தி அறிந்தது என்பதற்கு அதன் சொற்களே முதற்சான்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிரினங்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்துக் கூறுகின்றது. சிறகுடைய பறவைகளின் ஆண், மயில் நீங்கலாக, சேவல் எனப்படும். பெண்ணுக்குப் பேடை, பெடை முதலிய பெயர்கள் உள்ளன. கோழியின் பெண்ணுக்கு அளகு என்னும் பெயரும் வழங்கியது. பறப்பனவற்றின் இளமைக்கோ பார்ப்பு, பிள்ளை ஆகிய பெயர்கள் உரியன. இவ்விளமைப் பெயர்கள் பால் காட்டா என்பது மனங்கொள்ளத்தக்கது. வளர்ந்த பறவைக்குப் பால் வேறுபாட்டைப் பெயரளவிலே வற்புறுத்திய மரபு, குஞ்சுக்கு அதனை வேண்டவில்லை. ஈழத்துப் பேச்சு வழக்கில் சேவற்குஞ்சு, பேட்டுக்குஞ்சு என்று கூறும்போதும், இளமைப் பெயரான குஞ்சுக்குப் பால் காட்டும் அடையொன்றைப் புறத்திலிருந்தே சேர்க்கின்றோம்.

முல்லைத் திணையின் கருப்பொருள்களுள் கானங்கோழியும் ஒன்றெனப் பிற்கால அகப்பொருள் இலக்கணம் கூறும். முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சிக் காடுகளில் இன்றும் கூவும் காட்டுக்கோழி, இலங்கைக்கே உரிய தனியினமாகும். அதன் சேவலின் சிவந்த கொண்டை நடுவே மஞ்சட் பகுதியுண்டு. ஆயின் ஊர்க்கோழி இப்பறவையின் வழித்தோன்றலன்று. இலங்கை ஊர்க்கோழிகளின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவை வெவ்வேறு தாய்வழிகளிலிருந்து வந்தவை என்றும், இலங்கைக் காட்டுக்கோழியின் தாய்வழி அவற்றுட் காணப்படவில்லை என்றும் காட்டிற்று. ஊர்க்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியாகும்.

கோழி மனிதனோடு இணைந்த வரலாறும் கவனத்திற்குரியது. மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்திற் கிடைத்த கி.மு. 1650 - 1250 காலப்பகுதிக்குரிய எலும்புகளே ஐயத்திற்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என 2022 ஆம் ஆண்டில் ஆய்வாளர் முடிவு செய்தனர். வானம் பார்த்த நெல்லும் தினை வகைகளும் பயிரிடப்பட்ட இடங்களுக்குச் சிந்திய தானியத்தை நாடிக் காட்டுப்பறவை வந்தது என்பது அவர்களின் விளக்கம். குளத்து வயலும் சேனைப் பயிரும் அருகருகே அமைந்த வன்னி நிலத்தில் இவ்வுறவு அண்மைக்காலம்வரை மாறாதிருந்தது எனலாம்.

குளக்கிராமத்தில் ஊர்க்கோழி

வன்னியின் பழைய கிராமம் குளத்தை அடியாகக் கொண்டது. நெல்லும், சேனையிற் குரக்கனும் எள்ளும் சிறுதானியங்களும் விளைந்தன. கோழிக்கெனத் தனியே தீவனம் விலைக்கு வாங்கப்படவில்லை. உமியிற் கலந்த குறுநெல், கறையான், புழு, புல்விதை ஆகியனவே அதன் உணவு. பருந்துக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் இழந்தது போக எஞ்சியதே வீட்டின் வருவாய்.

இப்பொருளாதாரத்தில் சேவற்குஞ்சு வீணானதன்று. அது விருந்துக்கு இறைச்சியாகும். நேர்த்திக்கடனுக்குத் தெய்வத்தின் முன் செல்லும். சந்தையிற் பேட்டைவிட நல்ல விலை பெறுவதும் உண்டு. பேடோ முட்டை தரும், அடைகாக்கும், குஞ்சுகளை வளர்க்கும். முட்டையையும் கோழியையும் விற்றுப் பெறும் சிறுகாசு பெரும்பாலும் பெண்ணின் கையிலேயே நின்றது. நெல் விற்ற பணத்தின்மீது அவளுக்கு இல்லாத உரிமை இச்சிறுகாசின்மீது இருந்தது. ஆகவே பிறந்த அன்றே பால் பிரிக்கவேண்டிய நெருக்கடி அவளுக்கு இருக்கவில்லை.

எனினும் அவள் அறியாதிருந்தாள் எனக் கொள்வது தவறு. எந்தக் குஞ்சை விற்பது, எதனை அடைக்கு நிறுத்துவது என்ற தீர்மானம் அவளுடையது. அதற்கான குறிகளை அவள் வளர்ச்சிப் படிகளோடு பொருத்தி அறிந்திருந்தாள். மூன்றாம் நான்காம் கிழமைகளில் சேவற்குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கத் தொடங்கும். பேட்டின் கொண்டை சிறுத்து வெளிறியே இருக்கும். சேவலின் கால் தடித்திருக்கும். பல குஞ்சுகளில் பேட்டுக்கே வாலிறகு முந்தித் தோன்றும். காட்டுக்கோழி நிறத்தை ஒத்த குஞ்சுகளில் ஐந்தாறு கிழமையளவில் நெஞ்சுத் தூவியே பாலைக் காட்டும்: சேவலுக்குக் கறுப்பு, பேட்டுக்குச் செம்மை கலந்த வெளிர்பழுப்பு. மூன்றாம் மாதமளவில் கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் கூர்நுனி கொண்ட மினுங்கும் இறகு முளைப்பின் அது சேவல் என்பதில் ஐயமில்லை; பேட்டின் இறகு நுனி வட்டமானது. இவை யாவும் இன்றைய விலங்கியலும் ஏற்கும் குறிகளேயாகும்.

நம்பிக்கையும் சோதனையும்

மக்களின் அறிவைப் போற்றுவதெனில் அதிலுள்ள பிழைகளையும் சேர்த்துப் போற்றுவது என்பதல்ல. கூர்நுனி முட்டையிலிருந்து சேவலும் உருண்டை முட்டையிலிருந்து பேடும் பொரிக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நிலங்களிற் பரவலானது. இது நமக்கு மாத்திரம் உரியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் நீண்டு கூர்ந்த முட்டை பெண் என்றும் உருண்டது ஆண் என்றும் எழுதினார். உரோமானிய வேளாண்மை நூலாசிரியர் கொலுமெல்லா இதற்கு நேர்மாறாகக் கூர்ந்த முட்டையே ஆண் என்றார். இரு பெரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் மறுத்து நிற்பதே அக்குறியின் பயனின்மையைக் காட்டப் போதுமானது.

இதற்கான விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் மரபியலிலே கிடைத்தது. மனிதரில் பிள்ளையின் பாலைத் தந்தையின் விந்து நிர்ணயிக்கின்றது. பறவைகளில் இது தலைகீழானது. சேவலிடம் ஒரேவகையான இரு பால் நிறமூர்த்தங்களும், பேட்டிடம் வெவ்வேறு வகையான இரண்டும் உள்ளன. ஆகவே குஞ்சின் பாலைத் தாயின் கருவே நிர்ணயிக்கின்றது. அந்நிர்ணயம் முட்டைக்கு ஓடு அமைவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. ஓட்டின் வடிவம் பின்னர் முட்டைக்குழாயில் உருவாவது. எனவே வடிவத்துக்கும் பாலுக்கும் தொடர்பில்லை. குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிக் காலின் அசைவைப் பார்த்தல், நூலிற் கட்டிய மோதிரத்தை ஆட்டிப் பார்த்தல் முதலியனவும் இத்தகையனவே. இருபாலே உள்ள இடத்தில் எக்குறியைக் கொண்டு கூறினும் பாதி சரியாகவே அமையும். அப்பாதியே இந்நம்பிக்கைகள் நிலைபெறக் காரணமாயிற்று.

முதல் நாளிலே பிரித்தல்

ஐரோப்பாவிலும் வடஅமெரிக்காவிலும் யப்பானிலும் பொறியில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கவைக்கும் முறை பரவியபோது நிலைமை மாறியது. முட்டைக்கென வளர்க்கப்படும் இனத்தில் சேவற்குஞ்சு முட்டையும் இடாது. இறைச்சிக்காக வளர்ப்பினும் தின்ற தீவனத்துக்கு ஈடுசெய்யாது. விலைகொடுத்து வாங்கிய தீவனத்தை அதற்கு இடுவது முதலுக்கு நட்டம். பேட்டை மாத்திரம் பிரித்து விற்கும் வழி தேடப்பட்டது.

இரு வழிகள் கண்டறியப்பட்டன. முதலாவது யப்பானுக்குரியது. மசுய், ஹஷிமோட்டோ முதலிய ஆய்வாளர் 1920களில், ஒருநாட் குஞ்சின் கழிவாயை மெல்ல விரித்து அதனுள்ளேயுள்ள நுண்ணிய முகிழின் வடிவைக்கொண்டு பாலறியும் முறையை வெளியிட்டனர். அது 1927 ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவாவில் நடைபெற்ற உலகக் கோழி மாநாட்டின் மூலம் மேல்நாடுகளுக்கு அறிமுகமாயிற்று. 1930களில் யப்பானியப் பயிற்சியாளர் வடஅமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். தேர்ந்தோர் மணிக்கு ஆயிரம் குஞ்சுகள்வரை பிரித்தனர். இது ஒரு தனித்தொழிலாகவும், தொழிற்குழுவின் இரகசியம் போன்றும் பேணப்பட்டது.

இரண்டாவது வழி கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குரியது. முதலாம் உலகப் போரின்போது பிறித்தானியாவிற் தானியப் பஞ்சம் நிலவியது. வேண்டாத சேவல்களுக்குத் தீவனமிடுவதைத் தவிர்க்கப் பால்சார்ந்த நிறமரபைப் பயன்படுத்தலாம் என்று மரபியலறிஞர் புன்னெற் எடுத்துக்காட்டினார். பொன்னிறச் சேவலை வெள்ளிநிறப் பேட்டுடன் சேர்த்தால், ஆண்குஞ்சு தாயின் வெள்ளிநிறக் காரணியைப் பெற்று வெளிர்மஞ்சளாகப் பிறக்கும். பெண்குஞ்சு தந்தையின் பொன்னிறத்தை மாத்திரமே பெறுவதால் பழுப்பாகப் பிறக்கும். றோட் ஐலண்ட் றெட் சேவலுக்கும் லைற் சசெக்ஸ் பேட்டுக்கும் பிறக்கும் குஞ்சுகள் இவ்வாறு பார்த்த அளவிலே பிரிபடும். குறுக்கு வரியுடைய பிளிமத் றொக் பேட்டை வரியற்ற றோட் ஐலண்ட் றெட் சேவலுடன் சேர்த்தால், கருங்குஞ்சுகளில் ஆணின் தலையில் மாத்திரம் வெண்புள்ளி தோன்றும். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் பழுப்புநிற முட்டைக்கோழிகளின் பால் பிரிப்பு, பெரும்பாலும் இப்பொன்-வெள்ளி விதியையே அடியாகக் கொண்டது.

அறிவியலின் இச்சாதனைக்கு மறுபக்கமும் உண்டு. பிரிக்கப்பட்ட சேவற்குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. உலகளவில் இவ்வெண்ணிக்கை ஆண்டுதோறும் பல நூறு கோடியாகும். இதற்கெதிரான குரல் வலுப்பெற்றதன் விளைவாக ஜேர்மனி 2022 ஜனவரி 1 முதல் இவ்வழக்கத்தைச் சட்டத்தாற் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பாலறியும் கருவிகள் அங்குப் புகுத்தப்பட்டன.

வன்னிக்கு வந்த புதிய இனங்கள்

இலங்கையில் காலனித்துவத்தின் பிற்பகுதியிலும் சுதந்திரத்தின் பின்னரும் லெகோன், றோட் ஐலண்ட் றெட், லைற் சசெக்ஸ், ஒஸ்ரலோர்ப் முதலிய இனங்கள் அரசாங்கப் பண்ணைகளின் வழியாகப் பரப்பப்பட்டன. இதே காலத்தில் வன்னியின் சமூக அமைப்பும் மாறியது. இரணைமடுக் குளத்தைத் தொடர்ந்து கிளிநொச்சியில் 1930களிலிருந்து குடியேற்றங்கள் வளர்ந்தன. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் இடம்பெயர்ந்த மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்தனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயச் செய்கை இலாபந்தர, கிராமம் சந்தைக்கான உற்பத்தியுள் இழுக்கப்பட்டது. கோழியும் முட்டையும் இப்போக்கிலிருந்து தப்பவில்லை.

இப்போது பாலறிவதுடன் இனமறிவதும் தேவையாயிற்று. ஊர்க்கோழியின் குஞ்சுகள் ஓரடையிலேயே பல நிறமாகப் பொரிக்கும். அவற்றின் நிறம் இனத்தைக் காட்டாது. கலப்பற்ற புதிய இனங்களோ குஞ்சுத் தூவியிலேயே ஓரளவு தம்மைக் காட்டின: றோட் ஐலண்ட் றெட் செம்பழுப்பு, ஒஸ்ரலோர்ப் முதுகு கறுத்து வயிறு வெளுத்தது, பிளிமத் றொக் கறுத்துத் தலையிற் புள்ளியுடையது. கழுத்தில் இறகற்ற வகை பொரித்த அன்றே தெரியும். சிக்கல் மஞ்சட் குஞ்சிலேயே இருந்தது. வெள்ளை லெகோன் குஞ்சும் மஞ்சள். லைற் சசெக்ஸ் குஞ்சும் மஞ்சள். இறைச்சிக்கோழிக் குஞ்சும் மஞ்சள். பழுப்பு முட்டைக்கோழி இனத்தின் கழிக்கப்பட்ட சேவற்குஞ்சும் மஞ்சளே. காலின் பருமனும் நெஞ்சின் அகலமும் இறைச்சிக்கோழியைப் பிரித்துக் காட்டும். ஏனையவற்றைப் பொரிப்பகத்தின் சொல்லைக்கொண்டே நம்பவேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் தெருக்களிற் சாயமூட்டி விற்கப்படும் வண்ணக் குஞ்சுகள் பெரும்பாலும் இவ்வாறு கழிக்கப்பட்ட சேவல்களே என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

இங்கேதான் அறிவின் உடைமை மாறுகின்றது. பழுப்புநிறக் கலப்புப் பேட்டை அதன் உடன்பிறந்த வெளிர்நிறச் சேவலுடன் சேர்த்துக் குஞ்சு பெற்றால், அடுத்த தலைமுறையில் ஆணிலும் பாதி வெளிர், பாதி பழுப்பு, பெண்ணிலும் அவ்வாறே. பொன்னிற ஊர்ச்சேவலுடன் சேர்த்தால் வெளிர்நிறமே தோன்றாது. எவ்வழியிலும் நிறக்குறி ஒரு தலைமுறையுடன் அழிந்துவிடும். மேலும் முட்டைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இப்பேடுகளில் அடைகாக்கும் இயல்பு பெருமளவு நீக்கப்பட்டுள்ளது. ஆகவே குஞ்சு வேண்டுமெனில் மீண்டும் பொரிப்பகத்துக்கே செல்லவேண்டும். பொரிப்பகம் பெற்றோர்க் கோழிகளுக்கு உலகின் சில நிறுவனங்களை எதிர்பார்த்து நிற்கும். முற்றத்திலே ஒரு பெண் வைத்திருந்த தெரிவுரிமை இவ்வாறு படிப்படியாக அவள் கைவிட்டுப் போயிற்று.

போரும் பின்னரும்

1990 இலிருந்து வன்னிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையும், 1995, 1996 ஆம் ஆண்டுகளின் பெரும் இடப்பெயர்வுகளும், 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இறுதிப் போரும் கால்நடைச் செல்வத்தைச் சிதைத்தன. வெளியிலிருந்து தீவனமும் குஞ்சும் வரவேண்டிய பண்ணைமுறை அத்தகைய நிலையிற் தரித்திருக்க இயலாதது. தானே கிளறி உண்டு, தானே அடைகாத்துப் பெருகும் ஊர்க்கோழிக்கு மாத்திரமே அது இயலும். 2009 இல் ஏறத்தாழ 280,000 மக்கள் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெருமுகாமான மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. ஊர்திரும்பியோர் வெறும் முற்றத்துக்கே திரும்பினர். குடும்பத் தலைவரை இழந்த பெண்கள் பலர் இல்லப் பொறுப்பைத் தனியே ஏற்றனர்.

இந்நிலையில் வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளுள் கோழிக்குஞ்சும் ஒன்று. சிறு முதலும் சிறு இடமும் போதும் என்பதால் இத்தெரிவு பொருத்தமானதே. ஆயின் குஞ்சின் பாலும் இனமும் அங்கு வாழ்க்கைப் பிரச்சினையாகின்றன. பால் பிரிக்கப்படாத பத்துக் குஞ்சுகளைப் பெறும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சராசரியில் ஐந்து பேடு கிடைக்கும். ஆனால் சராசரியை எல்லாக் குடும்பமும் பெறுவதில்லை. ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமையும் வாய்ப்பு, எளிய நிகழ்தகவுக் கணக்கின்படி 1024 இற்கு 176; அதாவது ஆறு குடும்பங்களில் ஒன்றுக்கு இந்நிலை நேரும். எல்லாக் குஞ்சுக்கும் ஒரே அளவு தீவனம் செலவாகும். முட்டை வருவதற்கோ ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வேண்டும். நான்காம் கிழமையிலே கொண்டையைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவள் சேவலை நேரத்தோடு இறைச்சிக்கென ஒதுக்கி இழப்பைக் குறைத்துக்கொள்வாள். முகாமிலும் பதுங்குகுழியிலும் வளர்ந்த இளந்தலைமுறைக்கு அவ்வறிவைத் தாயிடமிருந்து முற்றத்திலே கற்கும் வாய்ப்பு அறுந்துபோயிருந்தது.

இன அறிவின்மையும் இதற்குக் குறைந்த கேடன்று. அடைகாக்காத இனத்தைப் பெற்றவள், ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் முட்டை குறைந்ததும் முழுக் கூட்டையும் மீண்டும் விலைக்கு வாங்கவேண்டும். ஊர்க்கோழியைப் பெற்றவளுக்கு முட்டை குறைவு. ஆனால் கூடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். எது சிறந்தது என்பதற்கு ஒரே விடையில்லை. எதனைப் பெறுகின்றோம் என்று அறிந்து பெறும் உரிமையே இங்கு வற்புறுத்தப்படுகின்றது.

நாடளாவிய அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2022 இற் தீவனமும் பெற்றோர்க் கோழிகளும் தட்டுப்பட, முட்டை உற்பத்தி வீழ்ந்தது. 2023 இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. வீட்டுக்கு வீடு கோழி கிளறிய நாடு முட்டைக்குக் கப்பலை எதிர்பார்த்தமை, மேலே கூறிய சார்புநிலையின் தருக்கரீதியான முடிவேயாகும்.

முடிவுரை

அறிவு சிலர் கையிலே இரகசியமாக இருந்தாக வேண்டும் என்ற நியதி இல்லை. கழிவாய் பார்த்துப் பாலறியும் கலை ஆண்டுக்கணக்கான பயிற்சியால் மாத்திரமே வாய்க்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் இருவர் அத்துறையில் அரைநூற்றாண்டு உழைத்த ஒருவரின் உதவியுடன், எங்கே பார்க்கவேண்டும், எவ்வடிவைத் தேடவேண்டும் என்பதை ஒரு சிறு அறிவுறுத்தலாக எழுதினர். அதனைப் படித்த புதியோர், படங்களைக் கொண்டு பாலைக் கூறுவதில் தொழில்வல்லாருக்குப் பின்தங்கவில்லை. கழிவாய் முறை முற்றத்துக்கு ஏற்றதன்று. பழகாத கை குஞ்சைக் கொல்லும். எனினும், மறைபொருளாகக் காட்டப்பட்ட திறன் தெளிவான சொற்களில் எல்லோருக்கும் உரியதாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

வன்னியின் முற்றத்துக்கு ஏற்ற வழி எளிது. லைற் சசெக்ஸ் பேடொன்று இருப்பின், அதனைக் கலப்பற்ற செந்நிறச் சேவலுடன் சேர்த்து அடைவைத்து, பொரித்த அன்றே வெளிர்நிறச் சேவலையும் பழுப்புநிறப் பேட்டையும் அவளே பிரிக்கலாம். குறுக்கு வரியுள்ள பேடு இருப்பின், வரியற்ற சேவலுடன் சேர்த்து, கருங்குஞ்சின் தலைப்புள்ளியைக் கொண்டு பிரிக்கலாம். அடைகாக்க ஊர்க்கோழி அருகிலேயே உண்டு. புன்னெற்றின் மரபியலும் ஊர்ப்பெண்ணின் அனுபவமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று மறுப்பனவல்ல, நிரப்புவன. கால்நடைத் திணைக்களத்தின் பயிற்சி வகுப்புகளிலும் வாழ்வாதாரத் திட்டங்களிலும் குஞ்சுடன் இவ்வறிவும் சேர்த்து வழங்கப்படல் வேண்டும். வழங்குவோர் குஞ்சின் இனத்தையும் பாலையும் எழுத்திலே கூறவேண்டும் என்ற நியமமும் வேண்டும்.

பார்ப்புக்கும் பிள்ளைக்கும் பால் குறிக்காத மரபு, இருபாலும் வாழ இடமிருந்த ஒரு பொருளாதாரத்தின் மரபு. அப்பொருளாதாரத்துக்கு அப்படியே திரும்பிச் செல்ல இயலாது. ஆயின் புதிய அறிவை யார் கையில் வைத்திருப்பது என்பது இன்னும் முடிவாகாத வினாவாகும். உழைப்போரிடமே அது சேரவேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிபாகும்.